ரிசார்ட்டுக்கு நிலம் கொடுக்கும் முன் ஔலியைப் பாருங்கள்

போன மாதம் சித்தப்பா மகன் ஒரு தாளோடு வந்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அவனுக்கு இரண்டு ஏக்கர் சவுக்குத் தோப்பு. சென்னைப் பார்ட்டி ஒன்று ரிசார்ட் கட்டக் கேட்கிறதாம். தாளில் எழுதியிருந்த தொகை, இருபது வருசம் மல்லாட்டை போட்டாலும் கைக்கு வராத தொகை. "அண்ணே, நீ பேங்க்ல இருந்தவன். கணக்குப் போட்டுச் சொல்லு" என்றான்.

கணக்குப் போட்டால் விற்கத்தான் வேண்டும். வட்டியே விளைச்சலைவிட அதிகம் வரும். முப்பத்தைந்து வருசம் வங்கியில் இருந்தவனுக்கு இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் நான் அவனிடம் ஔலி என்கிற ஊரைப் பற்றிச் சொன்னேன். "பனிக்கும் நமக்கும் என்னண்ணே சம்பந்தம்? நாம உப்புக்காரங்க" என்று சிரித்தான். இதைப் படிக்கிற உழவர்களில் பலருக்கும், குறிப்பாகச் சாலையோரம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு, இப்படி ஒரு தாள் வந்திருக்கும். வராவிட்டால் வரும். அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

2011 பிப்ரவரியில் வங்கி கொடுத்த விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு உத்தராகண்ட் போனேன். பத்ரிநாத் போகிற வழியில் ஜோஷிமட் என்கிற மலை நகரம். அங்கிருந்து ரோப்வேயில் ஏறினால் சுமார் நான்கு கிலோமீட்டர் வானத்தில் தொங்கிக்கொண்டே போய் ஔலியில் இறக்கிவிடுவார்கள். ஒன்பதாயிரம், பத்தாயிரம் அடி உயரத்தில் தேவதாரு, ஓக் காடுகளுக்கு மேலே பெரிய புல்வெளிச் சரிவு. குளிர்காலத்தில் அது முழுக்கப் பனி. எதிரே நந்தாதேவி சிகரம். (ஆலி என்றால் நம் பழந்தமிழில் ஆலங்கட்டி. பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை.) முதல் தடவை பார்த்தபோது எனக்கு வந்த நினைப்பு, மரக்காணம் உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பை யாரோ மலை முழுக்க நிரவிவிட்டார்கள் என்பதுதான்.

அந்த வருசம் ஜனவரியில்தான் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியின் பனிச்சறுக்குப் பந்தயங்கள் அங்கே நடந்து முடிந்திருந்தன. ஊரே பெருமையில் இருந்தது. என் பிள்ளைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்த பையன் பக்கத்துக் கிராமத்துக்காரன். கோடையில் அப்பாவோடு உருளைக்கிழங்கும் ராஜ்மாவும் போடுவானாம், பனி விழுந்தால் பயிற்சியாளன். "இது இல்லாவிட்டால் டேராடூனில் ஓட்டலில் தட்டு கழுவிக்கொண்டிருப்பேன் சார்" என்றான். அந்த மாநிலத்து மலைக் கிராமங்கள் பல ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பதை வழியெல்லாம் பார்த்திருந்ததால் அவன் சொன்னது மனதில் நின்றது. சுற்றுலாவே பாவம் என்று பேசுகிறவன் இல்லை நான்.

பனிச்சறுக்கு என்றால் பணக்காரர் விளையாட்டு என்று நமக்கு ஒரு எண்ணம். அது தொடங்கியது அப்படி இல்லை. ஸ்கி என்ற சொல்லுக்கு நார்வே நாட்டுப் பழைய மொழியில் பிளந்த மரக்கட்டை என்றுதான் பொருள். குளிர்காலத்தில் கழுத்தளவு பனியில் அண்டை வீட்டுக்கும் காட்டுக்கும் போக, குடியானவன் தானே செதுக்கிக் காலில் கட்டிக்கொண்ட கருவி. நமக்கு ஏற்றமும் கவலையும் போல. அங்கே தெலமார்க் மாவட்டத்தில் நிலமில்லாத குடியானவர் ஒருவரின் மகன் சோந்த்ரே நோர்ஹெய்ம். குதிகாலையும் சேர்த்துக் கட்டும் புதிய கட்டு முறையை 1860களில் அவர் கொண்டுவந்த பிறகுதான் வளைந்து திரும்பிச் சறுக்குவது பெரிய கலையாக வளர்ந்தது. ஔலியிலும் தொடக்கம் வேலைதான். இந்தோ திபெத்திய எல்லைக் காவல் படையினர் பனி மூடிய எல்லையைக் காவல் காக்கப் பழகிய சரிவு அது. அவர்களுடைய மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனம் இன்றும் அங்கே இருக்கிறது.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் இந்த வித்தை தொழிலாக மாறியது. அதற்கு ஒரு கதை சொல்வார்கள். சுவிட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் என்ற ஊரில் பாத்ருத் என்ற விடுதிக்காரர், கோடைக்கு வந்த இங்கிலாந்துக்காரர்களிடம் 1864இல் பந்தயம் கட்டினாராம்: குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவு என்னுடையது என்று. அவர்கள் வந்தார்கள், வசந்தம் வரைக்கும் தங்கினார்கள். அதிலிருந்து 1924இல் பிரான்சின் ஷமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக் வரை அறுபதே வருசம். மாடு மேய்த்த ஊரெல்லாம் விடுதி ஊராயின.

நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆல்ப் என்ற சொல்லே அந்த ஊர்க்காரர்களுக்குக் கோடை மேய்ச்சல் நிலத்தைத்தான் குறிக்கும். காஷ்மீரில் குல்மார்க் இருக்கிறதே, மார்க் என்றால் புல்வெளி. ஔலியைச் சுற்றி இருப்பதற்குப் புக்யால் என்று பெயர், அதுவும் மேய்ச்சல் புல்வெளிதான். ஆக உலகத்தில் சறுக்குகிற மேடு முக்கால்வாசி மாட்டுக்காரனும் ஆட்டுக்காரனும் பார்த்துவைத்த நிலம். ஆல்ப்ஸில் மேய்க்காமல், அறுக்காமல் விட்ட புல் நீளமாக வளர்ந்து படுத்துவிடும். அதன்மேல் விழுந்த பனி வழுக்கிக்கொண்டு இறங்கும். மாடு மேய்ந்து, ஆள் அறுத்து வைத்த சரிவில் பனி நிற்கும். மேலே சறுக்குகிறவன் டிக்கெட் வாங்குவது விடுதிக்காரனிடம். அவன் காலுக்குக் கீழே சரிவைத் தாங்குவது மாட்டுக்காரன் வேலை. இதனால்தான் சுவிட்சர்லாந்தில் மலை உழவர்களுக்கு நிலத்தைப் பராமரிப்பதற்கென்றே அரசு நேரடியாகப் பணம் கொடுக்கிறது. ஆஸ்திரியாவில் பண்ணை வீட்டிலேயே நான்கு அறையை ஒதுக்கி விருந்தினரைத் தங்கவைத்து, பாலும் வெண்ணெயும் தன் கொட்டகையிலிருந்தே கொடுக்கிற உழவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மாடு முதல் பயிர், விருந்தாளி ஊடுபயிர்.

அந்தச் சுவிட்சர்லாந்தே ஒரு கட்டத்தில் பயந்துபோனது. நகரத்துக்காரர்கள் மலை ஊர்களில் வீடு வாங்கிப் போட்டு, வருசத்தில் மூன்று வாரம் மட்டும் வந்து தங்க, மீதி நாளெல்லாம் சன்னல் மூடியே கிடந்தது. நிலத்தின் விலை ஏறி, ஊர்ப்பிள்ளைக்கே வீடு கட்ட இடமில்லை. 2012இல் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்தினார்கள். மொத்த வீடுகளில் இப்படிப்பட்ட இரண்டாம் வீடுகள் இருபது விழுக்காட்டைத் தாண்டிய ஊராட்சியில் புதிதாக அனுமதி கிடையாது என்று, மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில், முடிவானது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை சாலையோரம் சும்மா ஒரு முறை வண்டியில் போய்ப் பாருங்கள். மதில் சுவரும் பூட்டிய கேட்டும் எத்தனை என்று எண்ணிக்கொண்டே போங்கள்.

ஔலிக்கு வருகிறேன். நான் போய்வந்து பன்னிரண்டு வருசம் கழித்து, 2023 ஜனவரியில், ஜோஷிமட்டில் வீடுகள் வெடித்தன. 800க்கு மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். இரண்டு ஓட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றதால் இடிக்க வேண்டியதாயிற்று. ஔலிக்குப் போகும் ரோப்வே நிறுத்தப்பட்டது. அந்த ஊர் பழைய நிலச்சரிவு மண்மேல் உட்கார்ந்திருக்கிறது, பெரிய கட்டடம் கூடாது, பாறையைப் பெயர்க்காதே, மரம் வெட்டாதே, கழிவுநீருக்கு வடிகால் போடு என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976லேயே எழுதிக் கொடுத்திருந்தது. யாரும் கேட்கவில்லை. நீர்மின் திட்டத்துக்குத் தோண்டிய சுரங்கம்தான் காரணம் என்றார்கள் ஊர்மக்கள், திட்டக்காரர்கள் மறுத்தார்கள். அந்த வழக்குக்கு நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. ஆனால் வடிகால் இல்லாத சரிவில் மாடிமேல் மாடி ஓட்டல் கட்டி, அத்தனை கழிப்பறைத் தண்ணீரையும் மண்ணுக்குள்ளேயே விட்டார்கள் என்பதை நானே பார்த்திருக்கிறேன். அங்கிருந்து சில கல் தொலைவில்தான் ரேணி கிராமம். 1974இல் கௌராதேவியும் ஊர்ப் பெண்களும் மரத்தைக் கட்டிப்பிடித்துக் காட்டைக் காத்த இடம். அந்த மண்ணில்கூட இப்படி நடந்தது.

அதே 2023 பிப்ரவரியில் ஔலியில் நடக்க இருந்த தேசியப் போட்டி கைவிடப்பட்டது. காரணம், பனி இல்லை. 2011 போட்டிக்கென்று செயற்கைப் பனி பொழியும் இயந்திரங்களும், அவற்றுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு செயற்கை ஏரியும் மேலே அமைத்திருந்தார்கள். அந்த இயந்திரத்துக்கும் குளிர் வேண்டும். காற்று உறைநிலைக்குக் கீழே போகாவிட்டால் பனிக்குப் பதில் தண்ணீர்தான் பீச்சும். குளிர் இருந்தாலும் ஒரு எக்டேரில் ஓரடி பனி போட ஏறத்தாழ பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் செலவாகும். ஏக்கருக்கு நான்கு லட்சம். நம் மல்லாட்டைக்கு இரண்டு பாய்ச்சல் தண்ணீர். அது யாருடைய தண்ணீர் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

பனி குறைந்தால் சறுக்குகிறவனுக்கு ஒரு பருவம் போகும். ஆப்பிள்காரனுக்கு மரமே போகும். இமாச்சலத்திலும் காஷ்மீரிலும் பனியை வெள்ளை எரு என்பார்கள். குளிர்காலத்தில் ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையாமல் குளிர் பட்டால்தான் அவர்கள் வைத்திருக்கும் பழைய டெலிசியஸ் ரகங்கள் ஒழுங்காகப் பூக்கும். பனி மெல்ல உருகி இறங்கினால்தான் சித்திரை, வைகாசிக்கு ஊற்று இருக்கும். குல்லு பள்ளத்தாக்கின் தாழ்வான பகுதிகளில் ஆப்பிளை விட்டு மாதுளைக்கு மாறியவர்கள் உண்டு. அதே பள்ளத்தாக்கில் மணாலிக்கு மேலே புருவா என்ற கிராமம். 2018இல் துருக்கியில் நடந்த போட்டியில் வெண்கலம் வாங்கி, பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு முதல் பன்னாட்டுப் பதக்கம் கொண்டுவந்த ஆஞ்சல் தாக்கூரின் ஊர். இமாச்சலத்தில் 1972 சட்டத்தின் 118ஆம் பிரிவுப்படி உழவரல்லாதவர் அரசு அனுமதி இல்லாமல் நிலம் வாங்க முடியாது. குத்தகை என்ற கொல்லைப்புற வழியில் ஓட்டல்கள் நுழையாமல் இல்லை. இருந்தாலும் பட்டா ஊர்க்காரன் பெயரில் இருக்கிறது. பனி பொய்த்த வருசத்திலும் அவன் தன் நிலத்தில் நிற்கலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தம்பி, "நம்ம ஊர்ல பனி இல்ல, கடல் இருக்கு. கடல் எங்கயும் போகாது" என்றான்.

கடல் போகாது, உள்ளே வரும். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமும் உண்டு. 1990களில் இதே கடற்கரையில் வேறொரு பகுதிக் கிளையில் இருந்தபோது இறால் பண்ணைகளுக்கு நானே கடன் சிபாரிசு எழுதியிருக்கிறேன். திட்ட அறிக்கையில் எல்லாமே லாபம். பக்கத்துக் கழனியின் கிணறு என்னாகும் என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது, நானும் கேட்கவில்லை. வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணைகள் காலியாயின. 1996 டிசம்பரில், காந்தியவாதி ஜெகந்நாதன் அய்யா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வாராக்கடனை வங்கி ஒருவழியாக எழுதித் தள்ளியது. கிணற்று உப்பை எந்தப் பேரேட்டில் எழுதித் தள்ளுவது? ஓய்வு பெற்று வந்து நிலத்தைக் கையில் எடுத்தபோது எங்கள் போர்த் தண்ணீரில் முகம் கழுவினால் கண் எரிந்தது. ஒரு பகுதியில் குழியடிச்சான் நெல்லைத் தவிர வேறு எதுவும் நிற்கவில்லை. தக்கைப்பூண்டு மடக்கி, சாணமும் தழையும் போட்டு, மழைநீரைக் குட்டையில் தேக்கி, ஏழெட்டு வருசம் ஆனது மல்லாட்டை பிஞ்சு பிடிக்க. ரிசார்ட் வந்தால் நீச்சல் குளமும் புல்தரையும் வரும். அவர்கள் போர் போடுவது நம்மைவிட ஆழமாகத்தான் இருக்கும். நல்ல தண்ணீரை அவர்கள் இறைக்க இறைக்க, அந்த இடத்துக்குக் கடல் தண்ணீர் வரும். இரண்டு ஏக்கரை விற்பவன் தன் இரண்டு ஏக்கரை மட்டும் விற்கவில்லை, சுற்றியுள்ள இருபது ஏக்கரின் தண்ணீரையும் சேர்த்துத்தான் கொடுக்கிறான்.

ஆட்கள் நம் பக்கம் வரத்தான் செய்கிறார்கள். கழுவேலியை 2021 டிசம்பரில் பறவைகள் காப்பகமாக அறிவித்த பிறகு கேமராவோடு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். உப்பு வாருவதைப் பார்க்க விடியற்காலை வந்து நிற்கிறார்கள். இவர்களுக்குக் கூரை வீட்டில் இரண்டு அறை, கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொடுக்க நம்மால் முடியாதா? அந்த வருமானம் ரிசார்ட் கொடுக்கிற தொகைக்குப் பக்கத்தில் வராது, அதை நான் மறைக்கவில்லை. தம்பிக்கு மகள் கல்யாணம் இருக்கிறது, நகைக்கடன் இருக்கிறது. அதனால் விற்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட முடியவில்லை. நகைக்கடனை நான் அடைக்கிறேன், விளைச்சலில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஊராட்சியில் கிராம சபை கூடும்போது, நூறடிக்குக் கீழே வணிகப் போர் கூடாது என்று ஒரு தீர்மானம் கேட்கலாம் என்று நான்கைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். சட்டப்படி அது நிற்குமா என்பது வேறு விசயம், கேட்டதாவது பதிவில் இருக்கும்.

தைக்குப் பிறகு முடிவு சொல்கிறேன் என்று அந்தப் பார்ட்டியிடம் தம்பி வாய்தா வாங்கியிருக்கிறான். சவுக்கு வெட்டி முடிந்தது. மார்கழிப் பட்டத்துக்கு இரண்டு ஏக்கருக்கும் மல்லாட்டை விதை என் வீட்டிலிருந்து எடுத்துப் போயிருக்கிறான்.