பலகையிலா இருந்தது ருசி?



நேற்று நம் குடும்பக் குழுவில் ஒரு பழைய படம் வந்தது. ஓட்டுக் கட்டடம், மரப் பெஞ்சு, வாசலில் 'பிராமணாள் காபி கிளப்' என்று பலகை. அனுப்பியவன் என் தம்பி மகன். "இந்த ருசி இனி வருமா?" என்று கீழே எழுதியிருந்தான். ஆளாளுக்கு இதயக்குறி போட்டார்கள். என்னிடம் படித்த இரண்டு பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கத்திலும் போட்டுவிட்டார்கள். முப்பத்து நாலு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவனுக்குத் தப்பைப் பார்த்தால் கை சாக்பீஸைத் தேடும். மன்னிக்கவும்.

தம்பி, அப்படிப் பலகை தொங்கிய ஒரு கிளப்பில் உன் தாத்தா காபி குடித்திருக்கிறார். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு திருக்கடையூரிலிருந்து மாயவரத்துக்கு வண்டி ஓட்டிப் போன காலத்தில். உள்ளே போய் உட்கார முடியாது. கொல்லை வாசலில் நின்று, தனியாக வைத்திருந்த குவளையில் வாங்கிக் குடித்துவிட்டு, தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். காசு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். "காபி என்னவோ கள்ளிச்சொட்டு மாதிரி இருக்கும்டா" என்பார் அப்பா. அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் இந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் போனது. மறுநாள் டிகாக்‌ஷன் நீர்த்தா போய்விட்டது?

பழைய கிளப்புகளுக்கு ஒரு இழுப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நானே அதற்கு அடிமை. மாயவரம் போனால் காளியாக்குடி ஓட்டல் பக்கம் கால் தானாகத் திரும்பும். ஆனால் அந்த இழுப்பு எங்கேயிருந்து வருகிறது? விடியுமுன் ஒருவர் எழுந்து பாய்லரைப் பற்றவைக்கிறார். பால்மானி போட்டுப் பார்த்து, தண்ணீர் கலக்காத பாலாக வாங்குகிறார். 'டிகிரி' என்ற பெயரே அந்தப் பால்மானிக் கணக்கிலிருந்து வந்தது என்பார்கள். சிக்கரிதான் வாய்க்கு வாய் மாறி டிகிரி ஆனது என்று சொல்கிறவர்களும் உண்டு. முதல் டிகாக்‌ஷன் தீர்ந்தால் புதுப்பொடி போடுகிறார். பழைய சக்கையிலேயே இன்னொரு தரம் வெந்நீர் ஊற்றுவதில்லை. காய்ந்த பாலைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதில்லை. நான்கு பலகாரம்தான், ஐந்தாவது கிடையாது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும் கண் அடுப்பில் இருக்கும். இதில் எது பிறப்பில் வருவது? எல்லாமே இடுப்பொடிகிற வேலை. தினமும் செய்ய வேண்டிய வேலை.

இந்த வேலையை விட்டுவிட்டுப் பலகையை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பார்க்கலாம். நாலு கல்லுக்கு ஒரு 'கும்பகோணம் டிகிரி காபி'. பித்தளை டபரா பளபளக்கிறது. உள்ளே இருப்பது சர்க்கரைப்பாகு. நீங்களும் இறங்கி, படம் எடுத்து, 'அந்தக் காலம்' என்று போடுகிறீர்கள்!

அடுத்தது விலை. அமெரிக்காவில் இருக்கும் என் மாணவன் ஒருவன் நியூயார்க்கில் 1888-ல் தொடங்கிய காட்ஸ் என்ற யூதர் உணவகத்தின் முன்னால் நின்று படம் அனுப்பினான். இறைச்சியை இன்றும் கத்தியால் கையாலேயே அரிந்து ரொட்டியில் அடுக்குகிறார்களாம். ஒன்று இருபது டாலருக்கு மேல், அதற்கும் வரிசை. நல்ல கடைதான், நிற்கட்டும். அதே பிள்ளை பெற்றோருக்குச் சதாபிஷேகம் செய்ய இங்கே வந்தபோது, நம் சந்நிதித் தெருக் கிளப்பில் காபி ஐந்து ரூபாய் ஏறிவிட்டதென்று கல்லாவில் நின்று வாதாடினான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வெட்கமாக இருந்தது.

பெங்களூரில் 1924-ல் தொடங்கிய எம்.டி.ஆர். ஒன்று உண்டு. எமர்ஜென்சியில் அரசாங்கம் ஓட்டல் விலையைக் குறைக்கச் சொன்னபோது அவர்கள் தரத்தைக் குறைக்கவில்லை. நஷ்டத்துக்கே விற்று, அன்றன்றைய நஷ்டத்தை வாசலில் எழுதி வைத்தார்கள். எல்லாராலும் அது முடியாது. நம் தெருக் கடைக்காரர் எழுதி வைக்க ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் கடையே இருக்காது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். "படிக்கலேன்னா ஓட்டல்ல டம்ளர் கழுவத்தான் போவே" என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! உங்களில் பாதிப்பேர் கேட்டிருப்பீர்கள். கிளப்காரர் மகனும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். நன்றாகப் படித்தான். இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அப்பாவுக்குப் பிறகு பாய்லரைப் பற்றவைக்க ஆளில்லை. அவர் அதை என்னிடம் குறையாகச் சொன்னதில்லை. "வாங்க சார்" என்று டபராவைத் துடைத்து வைப்பார், அவ்வளவுதான். மாஸ்டராக இப்போது நிற்பவர் பீகாரிலிருந்து வந்த பையன். அவன் ஆற்றித் தரும் காபி என் அப்பா சொன்ன அதே கள்ளிச்சொட்டு.

தை மாதம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் காலை ஆறு மணிக்கு அங்கே வாருங்கள். நான் முதல் பெஞ்சில் இருப்பேன். அவரவர் காபிக்கு அவரவர் காசு. சில்லறை திருப்பிக் கேட்கிறவர்கள் என் பக்கத்தில் உட்கார வேண்டாம்.