இன்டர்வெல்லில் என்ன நடக்கிறது?

தியேட்டரில் இன்டர்வெல் விட்டதும் பாப்கார்ன் வாங்க எழுந்து போகிறோம். ஓட்டக்காரர்களின் இன்டர்வெல் பயிற்சியையும் நான் பல வருடம் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன். வேகமாக ஓடுவதுதான் படம். நடுவில் நிற்பது சும்மா.

தாம்பரம் இரும்புலியூரில் எனக்கு மைதானம் என்றால் பைபாஸ் பக்கத்து சர்வீஸ் ரோடுதான். விளக்குக் கம்பங்களை எண்ணித்தான் தூரக் கணக்கு. போன மே மாதம் ஒரு நாள், செல்போனில் வந்த அட்டவணையை நம்பி, 400 மீட்டர் பத்துத் தடவை, நடுவில் ஒரே ஒரு நிமிடம் ஓய்வு என்று இறங்கினேன். ஏழாவதில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டீக்கடை பெஞ்சில் போய் விழுந்தேன். சோடா உடைத்துக் கொடுத்த மாஸ்டர், “ஏன் சார், யாராவது துரத்துறாங்களா?” என்றார்.

இந்தப் பயிற்சிக்கு 1930களில் ஒழுங்கான வடிவம் கொடுத்தவர்கள் ஜெர்மனிக்காரர்கள் இருவர்: பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லர், இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டல். நாடித்துடிப்பு 180 வரை ஏறும்படி ஓடவிட்டு, 120க்கு இறங்கும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். ஒன்றரை நிமிடத்தில் இறங்கவில்லையென்றால் ஓடிய வேகமோ தூரமோ அதிகம் என்று அர்த்தம். இதயம் பலப்படுவதே அந்த ஓய்வு நேரத்தில்தான் என்பது அவர்கள் கட்சி. பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் பயிற்சியின் பெயர் ஓட்டத்தின் பெயரல்ல, இடைவெளியின் பெயர்! கெர்ஷ்லரின் சீடர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனையை முறியடிக்க 16 வருடம் ஆயிற்று.

ஜெர்மன் கணக்கு தாம்பரத்துக்கு அப்படியே ஒத்துவராது. நம் ஊரில் விடியற்காலையில் வெயில் இல்லை, சரி. ஆனால் காற்றில் ஈரம் மிக அதிகமாக இருப்பது அப்போதுதான். வியர்வை வழிகிறதே தவிர காய்வதில்லை. உடம்புச் சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்குப் போகிறது. கால்களுக்கும் போயாக வேண்டும். இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் விடுகிற ஒற்றை மோட்டார் மாதிரி இதயம் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் நின்றாலும் அது சீக்கிரம் அடங்காது. அதனால் இப்போது கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நடந்தபடியே வீட்டு முகவரியைக் கதவு எண் முதல் பின்கோடு வரை ஒரே மூச்சில் சொல்லிப் பார்க்கிறேன். தெருப் பெயரிலேயே மூச்சு வாங்கினால் இன்னும் கொஞ்சம் நடை. டிசம்பரில் ஒன்றரை நிமிடம் போதும். மே மாதத்தில் மூன்று நிமிடம்கூட ஆகிறது.

நாட்களுக்கு இடையிலும் இடைவெளி வேண்டும். 1954இல் ரோஜர் பானிஸ்டர் 440 கெஜத்தைப் பத்து முறை, ஒவ்வொன்றும் 60 விநாடியில் ஓட முயன்று 61லேயே சிக்கிக்கொண்டார். பயிற்சியைக் கூட்டவில்லை. ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சில நாள் மலையேறிவிட்டு வந்தார். திரும்பியதும் 59 வந்தது. அந்த மே 6ஆம் தேதிதான் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முடித்தார். மலையேறுவதை ஓய்வென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போகட்டும்.

நம் புதுக்கோட்டை ஓட்டக்காரர் லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியின் முதல் நாளில் 5,000 மீட்டரிலும், கடைசி நாளில் 10,000 மீட்டரிலும் தங்கம் வென்றார். இரண்டும் சேர்த்து 15 கிலோமீட்டர் என்று எல்லோரும் கணக்குப் போட்டோம். நடுவே இருந்த இரண்டு நாளை அவர் எப்படிக் கழித்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு இப்போது வாரத்தில் ஒரு நாள்தான் வேகம், செவ்வாய்க்கிழமை. பத்துத் தடவை ஆறாகக் குறைந்துவிட்டது. அன்றைக்கு சர்வீஸ் ரோட்டில் ஒருவர் முகவரியை முணுமுணுத்தபடி நடப்பதைப் பார்த்தால் தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள், பின்கோடு மறந்துவிடும்.