மொழி திரியும் முறையை மாணவர்க்குக் கற்பிப்போம்!

தமிழ் என்றுமே மாறாதது என்று முழங்கும் தமிழன்பரும், மொழியென்றால் மாறத்தானே செய்யும், கலந்தால் என்ன கேடு என்று வினவும் கலப்பு நடையாளரும் ஒரே அறியாமையின் இரண்டு கிளைகளே. மொழி மாறுமா மாறாதா என்று வழக்காடும் இவ்விரு சாராரும், அஃது எவ்வாறு மாறும் என்பதைக் கற்றிலர். கற்பிக்க வேண்டியவர் கற்பிக்கவுமில்லை. பள்ளியில் புணர்ச்சி விதியை உருப்போட வைக்கின்றோம். சொல்லுக்கும் ஒரு வாழ்க்கை வரலாறு உண்டென்று ஒரு நாளும் சொல்வதில்லை. அதனாலன்றோ, கேட்டவர் சொன்னதையெல்லாம் நம்பும் இளைஞர் ஒருபுறமும், தமிழின் தொன்மையைச் சொன்னாலே நகைக்கும் இளைஞர் மறுபுறமுமாக வளர்ந்து வருகின்றனர்!

மொழிவரலாற்றறிவு தமிழன்பர்க்குப் பகையன்று. நம் கையில் இருக்கவேண்டிய முதற்படைக்கலமே அது. அதனை மாணவர்க்கு எளிதாகப் புகட்டும் வழியும் உண்டு. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும்.

கரும்பலகையில் இரண்டு நிரல் வரைக. முதல் நிரலில் பால், பல், புலி, பத்து, பாம்பு, பன்றி என்னும் நம் சொற்களை எழுதுக. அவற்றின் எதிரே ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து, ஹாவு, ஹந்தி என்னும் கன்னடச் சொற்களை எழுதுக. (கன்னட ஒலியைக் காட்டுதற்பொருட்டு மட்டுமே இவ்வயலெழுத்து இங்கு இடப்பெற்றது.) இனி மாணவரை நோக்கிப் 'பூ' என்பதற்குக் கன்னடச் சொல் யாதாயிருக்கும் என்று வினவுக. கன்னடம் ஒரெழுத்தும் அறியாத சிறுவனும் 'ஹூ' என்பான். புல்லுக்கு 'ஹுல்லு' என்பான். கல்லாத மொழியின் சொல்லைத் தானே கண்டுகொண்ட மகிழ்ச்சி அவன் முகத்தில் தோன்றும். அந்நொடியே மொழிநூலின் முதற்பாடம் முடிந்தது. ஒலி திரிவது ஒரு சொல்லில் மட்டுமன்று, ஒத்த இடத்திலெல்லாம் ஒரே வகையாகத் திரியும் என்பதே அப்பாடம்.

பழங்கன்னடத்தில் இச்சொற்களெல்லாம் பகர முதலாகவே வழங்கின. கி.பி. 10-ஆம் நூற்றாண்டளவில் தொடங்கிப் பகரம் மெல்ல மூச்சொலியாய்த் தேய்ந்தது. இன்றைக்குக் கன்னடத்திற் பகர முதலாக நிற்கும் சொற்களுள் மிகப் பல, அத்திரிபு முடிந்தபின் வடமொழியினின்றும் பிற மொழிகளினின்றும் புகுந்தவை. ஆகலின் ஒலித்திரிபு நெறி உரைகல்லுமாகின்றது. எது தொன்றுதொட்ட சொல், எது பின்னர் வந்து சேர்ந்தது என்று பிரித்துக் காட்டுகின்றது. தூயதமிழ் வேண்டுவார்க்கு இதனினும் சிறந்த கருவி வேறு யாது?

மேலை நாட்டிலும் இம்முறையே மொழிநூலை அறிவியலாக்கிற்று. இலத்தீனத்தில் 'பாத்தர்' என்பது ஆங்கிலத்தில் 'ஃபாதர்' என நிற்றலையும், இத்தகைய இணைகள் நூற்றுக்கணக்கில் ஒரே ஒழுங்கில் அமைதலையும் செருமானியராகிய கிரிம் 1822-இல் நெறிப்படுத்திக் காட்டினார். நம் மொழிக்குடும்பத்துக்கு அவ்வேலை அதற்கும் முன்பே தொடங்கிற்று. சென்னைக் கோட்டைக் கல்லூரியோடு தொடர்புடைய எல்லிசு, 1816-இல் வெளிவந்த தெலுங்கு இலக்கண நூலொன்றில் எழுதிய குறிப்பிலேயே, தென்மொழிகள் வடமொழியின் வழிவந்தவையல்ல, தனியினம் என்று சொற்களை நிரல்படுத்தி மெய்ப்பித்தார். நாற்பதாண்டு கழித்து, 1856-இல், கால்டுவெலார் தம் ஒப்பிலக்கணத்தால் அதனை உலகறியச் செய்தார். வடமொழியே தாய் என்ற கொள்கையை வீழ்த்தியது நம் கூக்குரலன்று, இவ்வொழுங்கான ஒப்பீடேயாம்.

இரண்டாம் பாடத்தைத் தமிழுக்குள்ளேயே நடத்தலாம். யானை ஆனையாயிற்று, யாமை ஆமையாயிற்று, யாடு ஆடாயிற்று, யாறு ஆறாயிற்று, யாண்டு ஆண்டாயிற்று. மொழிமுதல் யகரம் ஆகாரத்தின் முன் கெட்டது. இவற்றுட் சிலவற்றுக்குத் தெலுங்கைப் பாருங்கள். யானை 'ஏனுகு', யாறு 'ஏறு', யாண்டு 'ஏடு'. தமிழின் யா, கன்னடத்தில் ஆவாகவும் தெலுங்கில் ஏயாகவும் நிற்கின்றது. இரண்டும் ஒரு 'யா'விலிருந்து பிறந்திருத்தல் எளிது. அந்த 'யா'வை ஏட்டில் இன்றுவரை காத்து வைத்திருப்பது நம் சங்கத்தமிழ். யகரம் ஆகாரத்தோடு மட்டுமே மொழிமுதலாகும் என்று தொல்காப்பியர் வரையறுத்ததன் பயன் இப்பொழுதன்றோ விளங்குகின்றது! யாழ் மட்டும் ஏன் 'ஆழ்' ஆகவில்லை என்று கூரிய மாணவன் வினவுவான். மக்கள் வாயில் வழங்கிய சொல் தேய்ந்தது. கருவி மறைந்து ஏட்டில் மட்டும் தங்கிய சொல் தேயாது நின்றது என்று விடை கூறலாம்.

இனி மூன்றாம் பாடம். இதுவே நம்மவர்க்குக் கசப்பது. ஆகலின் இதனையே அழுத்திச் சொல்லவேண்டும். நம் செவி கன்னடத்தில் 'கிவி', துளுவில் 'கெபி'. நம் செய் பழங்கன்னடத்தில் 'கெய்'. நம் சிறு அங்கே 'கிறு'. நம் செம்மையோடு உறவுடைய நிறப்பெயர் அங்கே 'கெம்பு'. அணை என்னும் பொருளுடைய நம் சிறை அங்கே ஏரியைக் குறிக்கும் 'கெறெ'. எது முந்தியது, ககரமா, சகரமா?

தமிழே முந்தியிருக்க வேண்டும் என்று உள்ளம் விரும்புகின்றது. சான்றோ வேறு சொல்கின்றது. இ, ஈ, எ, ஏ என்பவற்றை ஒலிக்குங்கால் நா முன்னோக்கி எழும். அவற்றின் முன் நின்ற ககரமும் அந்நாவோடு முன்னே வந்து சகரமாதல் பல மொழிகளில் நேர்ந்த இயல்பு. இலத்தீனத்தின் 'கெந்தும்' இத்தாலியத்தில் 'செந்தோ' ஆயிற்று. அங்ஙனமாயின் தமிழிற் கிளி, கிழங்கு, கீழ், கேள், கெடு, கிணறு என்பன ஏன் ககரமாகவே நின்றன? அடுத்துவரும் எழுத்துகளைக் காண்க: ள, ழ, ழ, ள, ட, ண. இவை நா மேல்நோக்கி வளைந்து ஒலிப்பவை. பின்னிழுக்கும் அவ்வொலிகள் ககரத்தை முன்செல்லவொட்டாமல் தடுத்தன. விலக்கும் ஒரு நெறிக்குள் அடங்கிற்று. கீரை போல இதற்கும் அடங்காது நிற்கும் சில சொற்கள் உள. அவற்றுக்குக் கரணியம் தேடுவதே ஆய்வு. கேசம், கீதம் போன்றவை ககரத்தோடு நிற்றலோ, அவை இத்திரிபுக்குப் பின் வடக்கினின்று வந்தவை என்பதைக் காட்டிக் கொடுக்கின்றது.

ஆகவே செவியில் கன்னடம் முந்திய ஒலியைக் காத்தது. யானையில் தமிழ் காத்தது. இதனாற் தமிழ் தாழ்ந்துவிட்டதா? இல்லை. வீட்டில் மூத்தவள் என்பதற்காகப் பாட்டன் வைத்துச் சென்ற ஏனமெல்லாம் அவள் அடுக்களையிலேயே இருக்கவேண்டும் என்பதில்லை. சில தங்கையர் வீட்டிலும் இருக்கும். இவ்வெல்லா மொழிகட்கும் மூலமாய் நின்ற பழமொழிக்கு என்ன பெயரிடுவது என்பதில் வழக்கு உண்டு. வடிவில் அஃது இற்றைத் தமிழுமன்று, சங்கத்தமிழுமன்று என்பதில் வழக்கில்லை. இதனை மறைத்துக் கற்பித்தால், கல்லூரிக்குச் சென்று உண்மை அறிந்த நாளில் அம்மாணவன் நாம் சொன்ன மற்ற உண்மைகளையும் சேர்த்து வீசியெறிவான். அவ்விழப்பை நாம் தாங்கமாட்டோம்.

நம்மிடையே பரவிய வேறொரு நோயையும் இங்கே சுட்டவேண்டும். ஆங்கிலத்தின் 'ஒன்' நம் ஒன்று, 'எயிட்' நம் எட்டு, ஆகவே ஆங்கிலம் தமிழின் பிள்ளை என்று மேடையில் முழங்குவார் உளர், கைதட்டுவாரும் உளர். ஆராய்ந்து பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் அவ்வெண் 'ஆன்', செருமானியத்தில் 'ஐன்', இலத்தீனத்தின் முந்து வடிவம் 'ஒய்னோசு'. நம் சொல்லோ ஒரு, ஓர் என்பவற்றோடு பிணைந்தது. ஆங்கிலத்தின் 'எயிட்' இலத்தீனத்தில் 'ஒக்தோ'. நம் எட்டோ எண்பது, எண்ணாயிரம் என்பவற்றில் எண் என நிற்பது. கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்குவன உறவுச் சொற்கள். விலகுவன தற்செயலாய் ஒத்தவை. இந்த ஓர் அளவுகோலை மாணவன் கையில் கொடுத்துவிட்டால், மேடைப்பேச்சு அவனை ஏமாற்றாது.

சொல்லாய்வில் இறங்குவார் மூன்று வினாக்களைத் தம்மையே கேட்டுக்கொள்க. இரு சொற்களின் மிகப் பழைய வடிவங்கள் யாவை? இதே ஒலியிணை வேறு பல சொற்களிலும் வருகின்றதா? கடன் சென்ற சொல்லாயின் அது சென்ற வழி யாது? கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்திற் புகுந்தமைக்கு வழி தெரியும். அவற்றை நெஞ்சுயர்த்திச் சொல்வோம். வழி தெரியாதவற்றைச் சொல்லாதிருப்போம். பாவாணர் பெயரை இதற்குக் கேடயமாகப் பிடிப்பதும் முறையன்று. அவர் பல மொழிகளின் இலக்கணங்களைப் பல்லாண்டு கற்றே இத்துறையில் இறங்கினார். 1974-இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநராகி, 1981-இல் மறையும்வரை உழைத்தார். அவ்வுழைப்பை விட்டுவிட்டு முடிபை மட்டும் பற்றிக்கொள்வது அவரைப் போற்றுவதாகாது.

இனிக் கலப்பு நடையாளர்க்கு வருவோம். பழஞ்சொல் மறைவதும் புதுச்சொல் தோன்றுவதும் குற்றமன்று என்று நன்னூலாரே சொல்லிவிட்டார் என்பது அவர்தம் வாய்ப்பாடு. நன்னூலார் சொன்னது காலப்போக்கில் மொழிக்குள் நேரும் மாற்றத்தை. யானை ஆனையானதும், மன்னன் இல்லமாகிய கோயில் இறைவன் இல்லமானதும், எள்ளின் நெய்யாகிய எண்ணெய் எல்லா வித்தின் நெய்க்கும் பெயரானதும் அத்தகையன. இவற்றில் தமிழ் இழந்தது ஒன்றுமில்லை. ஆனால் 'சோறு' இருக்க 'ரைசு' என்பதும், 'கிழமை' இருக்க 'சண்டே' என்பதும் எந்த ஒலிநெறியால் வந்தன? அவற்றுக்கு நெறியில்லை, வலிமை ஒன்றே கரணியம். எந்த மொழி வேலை கொடுக்கின்றதோ, எந்த மொழிக்குக் கடையிலும் கல்விக்கூடத்திலும் மதிப்புண்டோ, அதன் சொல் ஏறி அமர்கின்றது. முன்னதை வளர்ச்சி என்க. பின்னதைப் பறிகொடுத்தல் என்க.

ஆங்கிலமும் கடன்வாங்கித்தானே வளர்ந்தது என்பர். 1066-இல் நார்மானியர் வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாய்ப் புகுந்தது உண்மை. ஆயினும் ஒன்று முதல் ஆயிரம் வரையுள்ள எண்ணுப்பெயர்களை அம்மக்கள் விட்டாரல்லர். 1362-இல் வழக்குமன்றத்தில் ஆங்கிலத்திலேயே வழக்காட வேண்டுமென்று சட்டமும் செய்தனர். மொழியை அரசிருக்கையில் அமர்த்தியவர்கள் கடன்வாங்கினால் தாங்குவர். வாயிற்படியில் நிறுத்தியவர்கள் தாங்குவரோ?

தாங்காதார்க்குச் சான்று நம் இனத்திலேயே உண்டு. பாகிசுத்தானத்துப் பலுசித்தானில் வழங்கும் பிராகுவி நம் மொழியின் உடன்பிறப்பு. கண்ணும் கல்லும் அங்கே ககரம் உரசொலியாய்த் திரிந்து இன்றும் வாழ்கின்றன. இரண்டும் மூன்றும் 'இரட்', 'முசிட்' என நிற்கின்றன. அதற்குமேல் இல்லை! நான்கு முதல் அவர்கள் எண்ணுவதெல்லாம் அயலார் எண்களே. ககரம் திரிந்ததால் அவர்கள் ஒன்றும் இழக்கவில்லை. நான்கென்னும் சொல்லை விட்டதாலேயே இழந்தனர். அதனை ஒரே நாளில் விட்டிருக்கமாட்டார்கள். சந்தையில் ஒரு தலைமுறையும், வீட்டில் மறுதலைமுறையுமாக விட்டிருப்பர்.

நம் வகுப்பிலுள்ள மாணவனிடம் அவன் வீட்டுக் கைப்பேசி எண்ணைக் கேட்டுப் பாருங்கள். பத்து இலக்கத்தையும் எம்மொழியிற் சொல்கின்றான்? எண்பத்தொன்பதுக்கும் எழுபத்தொன்பதுக்கும் வேறுபாடு தெரியாமல் விழிக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டு நகரங்களில் பெருகிவிட்டனர். பிராகுவியின் கதை எங்கோ மலைநாட்டில் நடந்ததன்று. நம் பின்கட்டில் நடந்துகொண்டிருப்பது.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களே! கிழமைக்கு ஒரு வேளை போதும். இருநிரற் பாடத்தைத் தொடங்குங்கள். மாணவர்களே! ஆளுக்கொரு குறிப்பேடு எடுங்கள். பாட்டி, பாட்டன், உழவர், நெசவாளர், மீனவர், தச்சர் வாயில் வழங்கும் சொற்களைக் கேட்டவாறே எழுதுங்கள். ஊர், பொருள், சொன்னவர் தொழில் ஆகியவற்றையும் உடன் குறியுங்கள். எழுதாமற்போன ஒரு வட்டாரச் சொல், நாளைய ஆய்வாளனுக்குக் கிடைக்காமற்போன ஒரு சான்று. வீட்டில் எண்களைத் தமிழிலேயே எண்ணுங்கள்.

தமிழுக்குப் பொய்ப்புகழ் தேவையில்லை. அதன் மெய்ப்புகழே தாங்கவொண்ணாத அளவுக்கு உள்ளது. அதனை அளந்து காட்டத் தெரிந்த ஒரு தலைமுறை தேவை. அத்தலைமுறையை ஆக்குவோம், வாரீர்!