செத்தாலும் கணக்கில் வராதவள்

1972-இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் சிறுத்தைகள் என்று பேர் வைத்தபோது, அமெரிக்கக் கறுப்பரிடமிருந்துதான் அதை எடுத்தார்கள். அவர்களிடம் எடுத்துக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது: கணக்கு. 2021-இல் அங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்புத் தாய்மார் 70 பேர் செத்தார்கள், வெள்ளைத் தாய்மார் 27 பேர். எண்ணிச் சொன்னது அந்த நாட்டு அரசாங்கமே. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கறுப்புப் பெண்கள் சண்டை போடுகிறார்கள்.

நம்ம கையில் என்ன இருக்குது? பேறுகால மரண விகிதத்தை இந்திய அரசு மாநிலவாரியாக வெளியிடுகிறது, சாதிவாரியாக இல்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். உதிரப்போக்கு, வலிப்பு என்று காரணமும் எழுதுகிறார்கள். செத்தவள் ஊரா, வளவா என்பது மட்டும் ஜனங்களுக்கு வந்து சேருவதில்லை. தலித் பெண் மேல்சாதிப் பெண்ணைவிடச் சராசரியாக 14.6 வருசம் முன்னாடியே செத்துப்போகிறாள் என்று 2018-இல் சொன்னது ஐ.நா. பெண்கள் அமைப்பு. அதுவும் இந்தியா முழுமைக்குமான கணக்கு. கொங்கு நாட்டு அருந்ததியப் பெண்ணின் கணக்கு எங்கே?

சாவைத்தான் எண்ணவில்லை, மனசையாவது கேட்டார்களா? பிரசவ வார்டில் வலியில் கத்துகிறவளை நாக்கூசாமல் ஏசுவது, தொடக் கூசுவது, வளவுக்காரி என்றால் காத்திருக்க வைப்பது. இதை வாங்கிக்கட்டிக்கொண்டு வீடு வந்தவள் தூங்காமல், பிள்ளையைத் தூக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், 'காத்து கருப்பு அடிச்சிருச்சு'ன்னு மந்திரிக்கக் கூட்டிப்போகிறோம். (இதில் நம்ம வீட்டு ஆம்பளைகளுக்கும் பங்கு உண்டு, தோழர்களே.) பேறுகால மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987-இலேயே வந்துவிட்டது. 2005-இல் தமிழிலும் சோதித்தாயிற்று. கிராம செவிலியர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிடலாம். மனநல மருத்துவமனையில் சேர்கிற தாயிடமிருந்து மூன்று வயசுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்று 2017 மனநலச் சட்டமும் சொல்கிறது. எந்த வளவில் யாருக்கு இது தெரியும்?

பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்து 1928-இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் பேசியவர் அம்பேத்கர். இன்று முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் அறிவித்திருக்கிறார்கள். இரண்டு பிரசவத்துக்குத்தான்; ரொக்கம் 14,000, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். வாங்க வேண்டியதுதான், நம்ம உரிமை. அந்தப் பெட்டகத்தைக் கொடுக்கும்போதே அந்தப் பத்துக் கேள்வியையும் கேட்டால் என்ன குறைந்துபோகும்?

பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பக்கத்தில் சிப்காட். அங்கே வேலைக்குப் போகிற நம்ம பெண்கள் பெற்றுப் பிழைத்தார்களா என்று ஈரோடு மாவட்டத்தின் பத்து வருசப் பேறுகால மரணங்களைச் சாதிவாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். மாணவத் தோழர்கள் மனுவை எழுதுங்கள். தர மறுத்தால் அந்தப் பதிலையே இந்த இதழில் அச்சிடுவோம்.