கணக்கும் இசையும் ஒரே பாடம்: மடெர்னாவின் 'குவாட்ரிவியம்' என்ன சொல்கிறது?

'கணக்குப் போட்டு எழுதின இசையில உணர்ச்சி எங்கே இருக்கும்?' நவீன ஆர்கெஸ்ட்ரா இசை மீது அடிக்கடி வைக்கப்படும் குற்றச்சாட்டு இது. இத்தாலிய இசையமைப்பாளர் புரூனோ மடெர்னாவின் 'குவாட்ரிவியம்' (1969) அதற்கு நல்ல பதில்.

பெயரிலேயே பாடத்திட்டம்

லத்தீனில் 'குவாட்ரிவியம்' என்றால் நான்கு வழிகள் சந்திக்கும் இடம், அதாவது நாற்சந்தி. இடைக்கால ஐரோப்பாவில் எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய நான்கு பாடங்களுக்கும் சேர்த்து வைத்த பெயரும் இதுதான்.

இந்த லிஸ்ட்டில் இசைக்கு என்ன வேலை? ஒரு தந்தியைப் பாதியாகக் குறைத்தால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால், நமக்குப் பழக்கமான ச-ப இடைவெளி கிடைக்கும். ஆக, காதால் கேட்கக்கூடிய விகிதம்தான் இசை என்றார்கள். 6-ம் நூற்றாண்டில் போயத்தியஸ் எழுதிய இசை நூல் பல நூற்றாண்டுகள் பாடப் புத்தகமாக இருந்தது. பாடுபவரை விட, விகிதத்தைப் புரிந்துகொண்டவரே உண்மையான இசை அறிஞர் என்பது அவர் கட்சி. (பாடகர்கள் கோவிச்சுக்க வேண்டாம்!)

நான்கு திசை, நான்கு குழு

மடெர்னா அந்த 'நான்கை' அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார். நான்கு தாளவாத்தியக் கலைஞர்கள், நான்காகப் பிரிந்த ஆர்கெஸ்ட்ரா. ஒரு பக்கம் எழும் ஒலிக்கு இன்னொரு பக்கத்திலிருந்து பதில் வரும். இது வெறும் ஜிம்மிக்ஸ் இல்லை. அவர் பிறந்த வெனிஸில், பாடகர் குழுக்களைத் தனித்தனியாக நிறுத்திப் பாடவைப்பது 16-ம் நூற்றாண்டு வழக்கம். அந்த மரபின் பெரிய பெயரான ஜொவான்னி கப்ரியேலியின் இசையை மடெர்னாவே நவீன ஆர்கெஸ்ட்ராவுக்காக மாற்றி எழுதியிருக்கிறார்.

ஆனால் நிஜமான ட்விஸ்ட் வேறு. எண்களின் ஒழுங்கைப் பெயராக வைத்துக்கொண்ட இந்தப் படைப்பில், சில இடங்களில் எதை, எப்போது வாசிப்பது என்ற முடிவை நடத்துநரிடமும் கலைஞர்களிடமும் விட்டுவிடுகிறார். கணக்கு களத்தை மட்டும் அமைக்கிறது; ஆட்டம் மனிதர்களுடையது. போயத்தியஸ் ஓரமாக உட்காரவைத்த வாசிப்பவர்களுக்கு இங்கே முடிவெடுக்கும் உரிமை கிடைக்கிறது. உணர்ச்சி எங்கே என்று கேட்பவர்கள் தேட வேண்டிய இடம் இதுதான்.

ஜுசெப்பே சினோபோலி நடத்திய ஒலிப்பதிவு இருக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் நான்கு பக்க ஒலி அங்கே இடது, வலது என இரண்டாகச் சுருங்கிவிடும். நேரில் கேட்பதுதான் சரி. அதுக்கு இத்தனை கலைஞர்களையும் தாளக்கருவிகளையும் பிரித்து உட்காரவைக்க இடமுள்ள அரங்கம் வேண்டும். தனித்தனி ஒத்திகைக்கு நேரமும் வேண்டும்.

மடெர்னா 1973-ல், 53 வயதில் காலமானார். அவர் நினைவாக நண்பர் பியர் பூலேஸ் எழுதிய 'ரிச்சுவேல்' படைப்பிலும் ஆர்கெஸ்ட்ரா பிரிந்தே உட்காரும். அதில் எட்டுக் குழுக்கள்.