கிண்டியில் பூட்டியது யார்?

வேளச்சேரியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கிண்டி. 1899இல் தொடங்கிய கிங் இன்ஸ்டிடியூட் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கன்றுக்குட்டியிலிருந்து அம்மைப்பால் எடுத்த இடம். அதே கிண்டியில் 1948 முதல் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம். கோடிக்கணக்கான குழந்தைகளின் தோளில் இருக்கிற தழும்பு அங்கே தயாரான மருந்தின் தழும்பு. அரசு தயாரித்து அரசே இலவசமாய்ப் போட்டது. சேரிக் குழந்தைக்கும் அதே மருந்து, மாடிவீட்டுக் குழந்தைக்கும் அதே மருந்து. இந்த நாட்டில் அப்படிச் சொல்லத்தக்கது வேறென்ன இருக்கிறது?

இதைத்தான் 2008 ஜனவரியில் பூட்டினார்கள். கிண்டி மட்டுமில்லை, குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் எல்லாவற்றின் உற்பத்தி உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. உற்பத்தித் தர விதிகளை நிறைவேற்றவில்லை என்பது சொன்ன காரணம். குறை இருந்தது நிஜம். பச்சைக் குழந்தைக்குப் போடுகிற ஊசியில் சமரசம் கூடாது, அதில் நமக்கு வாதமில்லை. ஆனால் கூரை ஒழுகினால் கூரையை மாத்துவாங்களா, வீட்டைப் பூட்டிட்டுத் தெருவுல நிப்பாங்களா? வீட்டுக்காரனும் அரசு, பழுது பார்க்க வேண்டியதும் அரசு, பூட்டுப் போட்டதும் அரசு! எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு 2010 பிப்ரவரியில் உத்தரவை விலக்கிக்கொண்டார்கள். இடைப்பட்ட காலத்தில் தனியாரிடம் கைநீட்டி வாங்கினார்கள்.

பழசுக்குப் பதில் புதுசு என்று செங்கல்பட்டு பக்கம் திருமணியில் 100 ஏக்கரில் தடுப்பூசி வளாகம் எழுப்பினார்கள். சுமார் 600 கோடி ரூபாய் மக்கள் பணம். 2021 மே மாதம் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றபோது அந்த வளாகம் சும்மா கிடந்தது. குத்தகைக்காவது கொடுங்கள் என்று தமிழக முதல்வர் பிரதமருக்கு எழுதினார். அந்த அலை ஓயும்வரை திருமணியிலிருந்து ஒரு டோஸ்கூட வரவில்லை.

அடுத்த கொள்ளைநோய் வருமுன் அந்தந்த வட்டாரத்திலேயே தடுப்பூசி தயாராக வேண்டும் என்று இப்போது உலகமெல்லாம் பேசுகிறார்கள். நியாயமான பேச்சு. ஆப்பிரிக்கா தனக்கு வேண்டிய தடுப்பூசியில் 99 சதவீதத்தை வெளியிலிருந்து வாங்கியது. 2021 மார்ச்சில் இந்தியா ஏற்றுமதியைக் குறைத்ததும் கையைப் பிசைந்து நின்றது. ஆனால் தோழர்களே, உள்ளூர் என்றால் யாருடைய ஊர்? புனேயும் ஐதராபாத்தும் நமக்கு உள்ளூர்தானே? ஐ.சி.எம்.ஆர். பங்கெடுத்து உருவான கோவாக்சினுக்குத் தனியார் ஆஸ்பத்திரிகளிடம் 2021 ஏப்ரலில் கம்பெனி கேட்ட விலை டோஸுக்கு 1,200 ரூபாய். அரசுக்கு ஒரு விலை, மாநிலத்துக்கு ஒரு விலை, காசுள்ளவனுக்கு ஒரு விலை. காப்புரிமையைத் தளர்த்துங்கள் என்று 2020 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் கேட்ட அதே அரசுதான் உள்நாட்டில் இந்தச் சந்தையைத் திறந்துவிட்டது.

2021 ஜனவரி 16 அன்று டெல்லி எய்ம்ஸில் முதல் ஊசியை ஒரு துப்புரவுத் தொழிலாளிக்குப் போட்டுப் படம் எடுத்தார்கள். மே மாதம் பதினெட்டு வயதானவர்களுக்குத் திறந்தபோது கோவின் தளத்தில் பதிந்தால்தான் ஊசி. தளம் அப்போது இங்கிலீஷில் இருந்தது. வேளச்சேரி அடுக்குமாடியில் பாத்திரம் தேய்க்கிற பொண்ணு எந்தப் போன்ல பதியும்? படத்துக்கு நம்ம ஆள் வேணும், வரிசைக்கு வேணாம்.

ஆகவே தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்பதோடு கேள்வி நிற்காது. அது பொதுச்சொத்தா, விலையை யார் நிர்ணயிக்கிறார்கள், நோய் இல்லாத வருஷங்களிலும் அதை ஓடவைக்கப் பணம் உண்டா என்பதே கேள்வி. கொள்ளைநோய் வந்த பிறகு தூசி தட்டினால் எந்த எந்திரமும் ஓடாது. கைதேர்ந்த தொழிலாளியும் கிடைக்கமாட்டார்.

மருத்துவமும் சட்டமும் படிக்கிற நம் மாணவர்கள் இதைச் செய்யலாம். 2010க்குப் பிறகு கிண்டியிலும் குன்னூரிலும் வருஷா வருஷம் எத்தனை டோஸ் தயாரானது, தனியாரிடம் எத்தனை வாங்கினார்கள், என்ன விலைக்கு, திருமணியில் செலவான பணம் எதற்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கட்டும். மனுவுக்குப் பத்து ரூபாய்.