விலைப்பலகையை நாம் எழுதுவோம்

சனி, ஞாயிறு வந்தால் ஜமுனாமரத்தூர் சாலையில் கார்கள் வரிசை கட்டுகின்றன. பீமன் நீர்வீழ்ச்சிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் வருகிறவர்களின் வண்டிகள் சேறும் புழுதியுமாக மலையிறங்குகின்றன. அந்த அழுக்கில் ஒரு தொழில் இருக்கிறது. படிக்கும் பிள்ளைகளும், சாமைக்காட்டு வேலை போக மீதி நாளில் கையில் காசில்லாத இளைஞர்களும், வார இறுதியில் மட்டும் கார் கழுவிப் பளபளப்பாக்கும் தொழிலைத் தொடங்கலாம். மலையாளிப் பழங்குடியினருக்கும் அடிவாரச் சேரிகளில் வாழும் நம் மக்களுக்கும் இது பொருந்தும்.

உடனே ஒரு கேள்வி எழும். அடுத்தவர் அழுக்கை எடுக்கும் வேலையிலிருந்து வெளியேறத்தானே நம் முன்னோர் போராடினார்கள்? மறுபடியும் வாளியும் துணியுமா? கேள்வி நியாயமானது. ஆனால் நம்மை இழிவுபடுத்தியது தண்ணீரும் துணியும் அல்ல. பிறப்பைக் காட்டி வேலையைத் திணித்தார்கள். கூலியை அவர்களே முடிவு செய்தார்கள். இன்றும் நகரத்து வாட்டர் சர்வீஸ் கடைகளில் ஈரத்தில் நிற்பவர் ஒருவர், கல்லாவில் உட்காருபவர் இன்னொருவர். நாம் பேசுவது கல்லாவைப் பற்றி.

சந்தையில் சாதி இல்லை என்று நம்பி ஏமாறவும் கூடாது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பம்பாயில் முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள், தொழில் நின்றுபோனது. 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கும் பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு எதிர்ப்பு வந்தது. இன்று சுற்றுலா வரும் காரோட்டி நம் சாதியைக் கேட்கமாட்டார். சாலையோரத்தில் இடம் வாடகைக்கு விடுகிறவர் கேட்பார். சிக்கல் அங்கேதான்.

ஆகவே சிறிதாகத் தொடங்குவோம். இரண்டு வாளி, நுரை சோப்பு, மைக்ரோஃபைபர் துணி, ஒரு வாக்கூம் கிளீனர் போதும். நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். சக்கரம் துடைத்த துணி கதவில் படக்கூடாது, மணல் கீறிவிடும். இருக்கை, டேஷ்போர்டு, கண்ணாடி எல்லாம் சுத்தம் செய்து பாலிஷ் போடுவதில்தான் கூடுதல் காசு. ஒரு காருக்கு 300 ரூபாய், வாரம் எட்டு கார் என்று வைத்துக்கொண்டால், நான்கு வாரத்தில் 9,600 ரூபாய். செலவு போகப் பாதி நின்றாலும் ஒரு மாணவரின் விடுதிச் செலவுக்கு உதவும். ஒன்றை மறக்க வேண்டாம். செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான். ஓடைக்கரையில் கார் கழுவினால் சோப்பும் எண்ணெயும் கீழே இருக்கும் நம் ஊர்களின் தண்ணீரில்தான் கலக்கும்.

தொழில் பிடிபட்ட பிறகு கடனுக்குப் போகலாம். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் பிணையில்லாமல் 50,000 ரூபாய் வரை வாங்கலாம். பெரிதாக்க நினைத்தால், 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. 18 முதல் 55 வயது வரையுள்ள பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 35 விழுக்காடு மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி. வட்டியில் 6 விழுக்காடு சலுகை. படிப்புத் தகுதி கேட்பதில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்கலாம்.

திட்டம் காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. மலைக்கு அது ஏறி வருவதுதான் கடினம். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் தரும் சாதிச் சான்றைப் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் தரவேண்டும், அதற்கே அலைச்சல். அதைத் தாண்டினால் வங்கி சொத்து கேட்கிறது. இதற்கிடையே, "உன் பெயரில் கடன் எடுப்போம், மாதச் சம்பளம் தருகிறேன்" என்று ஒருவர் வருவார். கையெழுத்துப் போடாதீர்கள். மானியம் அவருக்கு, கடன் நமக்கு.

நாம் கேட்பது பெரிதல்ல. சுற்றுலா இடங்களின் வாகன நிறுத்தத்தில் பழங்குடி, தலித் இளைஞர் குழுக்களுக்கு ஓர் இடமும், கழிவுநீர் வடிகட்டும் தொட்டியும் உள்ளாட்சி ஒதுக்கித் தரவேண்டும். சான்றிதழுக்கும் கடன் விண்ணப்பத்துக்கும் ஜமுனாமரத்தூரிலேயே முகாம் நடத்த வேண்டும்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 தமிழர்களில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. செம்மரம் வெட்ட அவர்களை அனுப்பியது ஆசை அல்ல, உள்ளூரில் கூலி இல்லாமை. கார் கழுவும் தொழில் ஒன்றே அதை மாற்றிவிடாது. ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது, நம் வேலைக்கான விலையை நாமே பலகையில் எழுதித் தொங்கவிடலாம். முதல் பலகை இந்தக் கோடையிலேயே தொங்கட்டும்.